வேலியோரத்துப் பூம்புகையிலை

மரக்கறித் தோட்டத்தில் வேலை ஓய்ந்து, மண்வெட்டியைக் கழுவிச் சார்த்தி வைக்கும் அந்திப் பொழுதிலேதான் இந்தச் செடி விழித்துக் கொள்கிறது. பகல் முழுவதும் துவண்டு தொங்கிய அதன் வெண்குழற் பூக்கள், கதிரவன் சாய்ந்ததும் நிமிர்ந்து, ஐந்து மடலாக விரிந்து, மல்லிகையை நினைவூட்டும் ஒரு மணத்தைச் சொரியத் தொடங்கும். வீதியாற் செல்வோர் எங்கோ மல்லிகை பூத்திருக்கிறது என எண்ணி வேலியை எட்டிப் பார்ப்பர். அது புகையிலையின் பூ என்று சொன்னால் இலகுவில் நம்பவும் மாட்டார்கள்.

புகையிலை என்றதும் சுருட்டும், வெற்றிலைத் தட்டமும், யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலே கிணற்று நீர் பாய்ச்சி வளர்க்கும் அகன்ற இலைப் பயிருமே ஈழத்தவர் உள்ளத்தில் தோன்றும். ஒல்லாந்தர் காலத்திலே அவ்விலை கடல் கடந்து திருவிதாங்கூருக்குச் சென்று பெரும்பொருள் ஈட்டித் தந்தது. ஆயினும் புகைப்பதற்கும் மெல்லுவதற்கும் உரிய அப்பயிர், ஒரு பெரிய குடும்பத்திலே ஒரு பிள்ளை மாத்திரமே. லிசுப்பனிலே பிரெஞ்சுத் தூதராக இருந்த ஜோன் நிக்கோ என்பவர் 1560ஆம் ஆண்டிலே புகையிலையைத் தம் நாட்டு அரண்மனைக்கு அனுப்பி வைத்தார். அவர் பெயரை நிலைநிறுத்தி 1753இல் இலின்னேயசு என்னும் தாவரவியலறிஞர் நிக்கோத்தியானா எனப் பெயரிட்ட அச்சாதியிலே எழுபதுக்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றுட் சில, இலைக்காக அன்றிப் பூவுக்காகவே தோட்டங்களில் வளர்க்கப்படுகின்றன. அவையே பூம்புகையிலை.

இவற்றுள் இரண்டைப் பற்றி அறிந்தாற் போதும். ஒன்று தென் பிரேசில், பராகுவே, உருகுவே, வட ஆர்ஜென்டீனா ஆகிய நிலங்களுக்குரிய நிக்கோத்தியானா அலாற்றா. மூன்று நான்கு அடி உயரம் வளரும். பூக்குழல் இரண்டு மூன்று அங்குல நீளமும், உள்ளே வெண்மையும், வெளியே இளம்பச்சை நிறமும் உடையது. மற்றையது அந்தீசு மலைச்சாரலில் ஆர்ஜென்டீனாவிலும் பொலிவியாவிலும் வளரும் நிக்கோத்தியானா சில்வெசுத்திரிசு. ஆளுயரம் எழுந்து, உச்சியிலே கொத்தாக நீண்ட வெண்குழல்களைத் தொங்கவிட்டு நிற்கும் இதனைக் கண்டவர் எளிதில் மறவார். இதற்கு இன்னுமொரு பெருமை உண்டு. சுருட்டுப் புகையிலையின் உயிரணுவிலே 48 நிறமூர்த்தங்கள் உள்ளன. அவற்றிற் பாதி, 24 நிறமூர்த்தங்களையுடைய இந்தச் சில்வெசுத்திரிசின் வழி வந்தவை. அதாவது, பூந்தோட்டத்து அழகி பணப்பயிரின் தாய்வழிப் பாட்டி என்று கூறினும் பொருந்தும். இன்று விதைப் பொட்டலங்களிலே கிடைக்கும் சிவப்பு, இளஞ்சிவப்புக் குட்டை வகைகள் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்திலே கலப்பினமாக உண்டாக்கப்பட்ட செடியின் வழித்தோன்றல்கள். அவை பகலிலும் விரிந்திருக்கும். ஆனால் பலவற்றில் மணம் குன்றிவிட்டது. நிறத்துக்காக மணத்தை விற்ற இப்பண்டமாற்றை நல்ல வாணிகமெனச் சொல்ல மனம் வரவில்லை.

இனி விடயத்துக்கு வருவோம். மேலைநாட்டுத் தோட்டக்காரர் பலர், இச்செடியை மரக்கறிப் பாத்திகளுக்கு இடையே நட்டால் அது பூச்சிகளைத் தன்பால் ஈர்த்துக் கொன்று பயிரைக் காக்கும் என்பர். வேறு சிலர், புகையிலையைத் தக்காளிக்கு அருகே நடுவது வைக்கோற்போருக்கு அருகே கொள்ளியை வைப்பதற்கு ஒப்பாகும் என்பர். இரு சாராரும் கண்டதையே கூறுகின்றனர். இரண்டும் எவ்வாறு உண்மையாகும் என்பதை விளங்கிக் கொள்ளாது விதையைத் தூவுவோர், ஒரு போகத்து உழைப்பை இழக்க நேரும்.

முதலிலே நன்மை. பூம்புகையிலையின் இலையைத் தொட்டவர் விரலிலே பசை ஒட்டும். இலையிலும் தண்டிலும் நெருங்கி வளர்ந்துள்ள நுண்மயிர்களின் நுனியில் சிறு சுரப்பிகள் உள்ளன. அவை பிசின் போன்றதொரு பொருளைக் கசிகின்றன. வெள்ளை ஈ, பனிப்பூச்சி, சிறகுள்ள அழுக்கணவன் முதலிய சிற்றுயிர்கள் அதிலே கால் வைத்தால் மீளாமல் ஒட்டிக் கொள்கின்றன. நன்கு வளர்ந்த ஒரு செடியின் தண்டை உருப்பெருக்குக் கண்ணாடியாற் பார்த்தால், எள்ளைத் தூவியது போலப் பூச்சிகள் இறந்து கிடப்பதைக் காணலாம். ஒட்டாமல் தப்பி இலையைக் கடிப்பவற்றுக்கு நிக்கொத்தீன் என்னும் நஞ்சு காத்திருக்கிறது. அதனை 1828இல் ஜெர்மனியின் ஹைடெல்பேர்க்கிலே போசெல்ற், ரைமான் என்னும் இருவர் முதன்முதலிற் பிரித்தெடுத்தனர். அந்நஞ்சு இலையிலே பிறப்பதன்று. வேரிலே உண்டாகி, நீரோடு மேலேறி இலையைச் சேர்கிறது. புகையிலை வேரின்மீது தக்காளித் தலையை ஒட்டினால் தக்காளி இலையிலே நிக்கொத்தீன் சேரும். தக்காளி வேரின்மீது புகையிலைத் தலையை ஒட்டினால் அப்புகையிலையில் நிக்கொத்தீன் இல்லாமற் போகும். 1940களிலே செய்த இவ்வொட்டுச் சோதனைகள் தாவரவியலிற் பெயர் பெற்றவை.

பசைமயிரிலே நடக்கக் கற்ற பூச்சிகளும் உள. நெசிடியோக்கோரிசு என்னும் மெலிந்த பச்சை நாவாய்ப்பூச்சி அவற்றுள் ஒன்று. நீண்ட கால்களால் மயிர்களுக்கு மேலே இலாவகமாக நடந்து, ஒட்டிக் கிடக்கும் பூச்சிகளையும் வெள்ளை ஈயின் முட்டைகளையும் உறிஞ்சி உண்ணும் இது, வெப்ப நாடுகள் பலவற்றில் இயல்பாகவே வாழ்கிறது. ஸ்பானியாவின் தென்கரையிலே தக்காளிக் கூடாரங்களில் இதனையே கூலியில்லாக் காவலாளாக விட்டு வெள்ளை ஈயை அடக்குகின்றனர். பூம்புகையிலை அதற்கு உணவும் உறையுளும் தரும் சத்திரமாகிறது. ஆயினும் இக்காவலாள் இரை தீர்ந்ததும் தக்காளியின் இளந்தண்டையே குத்திச் சாற்றை உறிஞ்சும். தண்டிலே பழுப்பு வளையங்கள் தோன்றும். எண்ணிக்கை மிகுந்தால் காவலாளே கள்வன் ஆவான்.

துணைப்பயிர் என்னும் கொள்கைக்கு அறிவியலில் அடிப்படை உண்டா என வினவுவோர்க்குப் புகையிலைச் சாதியே நல்ல விடை தருகிறது. அமெரிக்காவின் வறண்ட நிலங்களிலே நிக்கோத்தியானா அத்தெனுவாற்றா என்னும் காட்டுப் புகையிலை வளர்கிறது. மரிக்கொழுந்தின் உறவான ஒரு நறுமணப் புதரும் அங்கே உண்டு. கலிபோர்ணியாவில் றிச்சட் கார்பன் என்னும் ஆய்வாளரும் அவர் துணைவரும் அப்புதரின் இலைகளைக் கத்தரித்து விட்டு, அருகே நின்ற காட்டுப் புகையிலையை அவதானித்தனர். கத்தரித்த புதருக்கு அண்மையில் நின்ற புகையிலையைப் பூச்சிகள் குறைவாகவே தின்றிருந்தன. காயம்பட்ட புதரிலிருந்து எழுந்த மணம் அயலில் நின்ற செடிக்கு எச்சரிக்கையாகி, அது தன் காப்பை முன்கூட்டியே வலுப்படுத்திக் கொண்டது. இம்முடிவு 2000ஆம் ஆண்டிலே வெளியாயிற்று. மறு ஆண்டு, யூற்றா மாநிலத்துப் பாலை நிலத்திலே கெஸ்லர், போல்ட்வின் என்னும் இருவர் இன்னொன்றைக் காட்டினர். புழு கடித்த புகையிலைச் செடி வெளிவிடும் மணம், அப்புழுவின் முட்டையை உண்ணும் நாவாய்ப்பூச்சிகளை வரவழைக்கிறது. செடிகள் வாய் பேசாவிடினும் ஊமையல்ல.

இன்னும் வியப்பு ஒன்று. அக்காட்டுப் புகையிலை இரவிலே பூத்துப் பருந்து அந்துகளை அழைக்கும். அந்து வந்து தேனை உண்டு மகரந்தத்தைப் பரப்புவதோடு, இலையிலே முட்டையும் இட்டுச் செல்லும். புழுத் தொல்லை மிகுந்தால் அச்செடி என்ன செய்கிறது? மணத்தைக் குறைத்து, விடியற் காலையிலே பூத்து, அந்தை விடுத்துத் தேன்சிட்டைப் போன்ற ஓசனிச்சிட்டைத் தன் விருந்தாளியாக மாற்றிக் கொள்கிறது. இது 2010இல் வெளியான செய்தி. விருந்துக்கு வந்தவர் வீட்டையே தின்னத் தொடங்கினால் கதவு திறக்கும் வேளையை மாற்றுவது மனிதருக்குங் கூட எளிதில் வராத சாதுரியம்.

இனித் தீமை. கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை என்பன யாவும் ஒரே குடும்பம். உறவினரிடையே சொத்து மாத்திரம் பகிரப்படுவதில்லை, நோயும் பகிரப்படும். அந்நோய்களுள் தலையாயது புகையிலைத் தேமல் நோய். இலையிலே கரும்பச்சையும் வெளிர்பச்சையும் திட்டுத் திட்டாகத் தோன்றி, தளிர் சுருங்கி, விளைவு குன்றும். 1892இல் உருசிய நாட்டு இவனோவ்சுக்கி, நோயுற்ற செடியின் சாற்றைப் பற்றீரியா புகமுடியாத வடியிலே வடித்த பின்னரும் அது நோயைப் பரப்புவதைக் கண்டார். 1898இல் ஒல்லாந்த நாட்டுப் பெயரிங்கு, இது புதுவகையான தொற்றுப் பொருளென்று துணிந்தார். வைரசு என்னும் துறையே இந்தப் புகையிலை இலையிலேதான் பிறந்தது. 1935இல் அமெரிக்கரான சுதான்லி அதனைப் பளிங்குருவிற் பிரித்தெடுத்தார். 1946இல் இரசாயனத்துக்கான நோபெல் பரிசைப் பெற்றோருள் அவரும் ஒருவரானார்.

அறிஞர்க்குப் புகழ் தந்த அவ்வைரசு தோட்டக்காரனுக்கு அழிவையே தரும். அதனைப் பரப்பப் பூச்சி வேண்டியதில்லை. மனிதன் கையே போதும். நோயுற்ற செடியிலே கிளை கிள்ளிய விரலால் தக்காளியைக் கிள்ளினால் அங்கும் நோய் சேரும். காய்ந்த இலையிலும் அது பல ஆண்டுகள் அழியாது இருக்கும். ஆகவேதான் சுருட்டுப் பிடித்த கையைக் கழுவாமல் தக்காளி நாற்றைத் தொடலாகாது என்று விவசாய அறிஞர் கூறுவர். கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதலோடு, ஆடை நீக்கிய பாலிலே விரலை நனைத்துக் கொண்டு நாற்று நடுவதும் பயன் தரும். பாலிலுள்ள புரதம் வைரசின் தொற்றும் வலிமையைக் கெடுக்கிறது. கேட்பவர்க்கு இது பாட்டி வைத்தியம் போலத் தோன்றலாம்; ஆனால் ஆய்ந்து கண்ட உண்மை.

வெள்ளை ஈயின் கதை இன்னும் விசித்திரமானது. பூம்புகையிலை வெள்ளை ஈயைப் பிடிக்கும் என மேலே கூறப்பட்டது. அவ்வீயின் தாவரவியற் பகை எங்கே தொடங்கியது தெரியுமா? 1889இல் கிரேக்க நாட்டிலே புகையிலைச் செடியில் இருந்த ஈயைக் கொண்டே அதற்குப் பெயர் சூட்டப்பட்டது. பெமீசியா தபாசி என்னும் அப்பெயரின் பிற்பாதி புகையிலையைக் குறிப்பதே. ஆகவே ஒட்டிய ஈக்கள் நூறு என்றால், ஒட்டாமல் இலையின் அடிப்புறத்தில் குடும்பம் நடத்துவனவும் இருக்கும். தக்காளி இலையைச் சுருட்டும் வைரசை ஏந்திச் செல்வதும் இந்த ஈயே. வாடல் நோய்ப் பற்றீரியாவும், வேரிலே முடிச்சு உண்டாக்கும் வட்டப்புழுவும் இக்குடும்பத்துப் பயிர்கள் அனைத்துக்கும் பொதுச் சொத்து. பசையிலே ஒட்டிச் சாவன பகைப்பூச்சிகள் மாத்திரமல்ல என்பதையும் மறக்கலாகாது. அழுக்கணவனுள்ளே முட்டையிட்டு அதனை அழிக்கும் நுண்ணிய குளவிகளும் அதே பசைக்குப் பலியாகின்றன. பொறிக்கு நண்பன் பகைவன் என்னும் பேதம் இல்லை.

அப்படியானால் எங்கே நடுவது? தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்குப் பாத்திகளுக்கு அருகே நடவே கூடாது என்பதே தக்க முடிவு. வட அமெரிக்காவிலே சிலர் புகையிலையைத் தக்காளிக்குக் காவலாக நட்டு, கொம்புப்புழுவை அதன்மீது வரவழைத்து நசுக்குவது உண்மையே. ஆனால் அந்தக் கொம்புப்புழு அங்குள்ளது. அவ்வூர் மருந்தை அவ்வூர் நோய்க்கே கொடுக்கலாம். போஞ்சி, கோவா, லீக்ஸ், வெண்டி முதலிய வேற்றுக் குடும்பத்துப் பயிர்களின் பக்கமாக, வேலியோரத்திலே நான்கைந்து செடி நிற்பதிற் கேடில்லை. மலைநாட்டின் குளிரான காற்று இதற்கு மிகவும் ஏற்றது. தாழ்நிலத்து வெயிலிலே பிற்பகல் நிழல் விழும் இடத்தைத் தேர்தல் வேண்டும். இல்லையேல் பகலெல்லாம் துவண்டே கிடக்கும். வற்றாளை நட்டவர் மாத்திரம் ஒரு தரம் சிந்திக்க வேண்டும். நீண்ட பூக்குழலிலே தேன் குடிக்க அந்தியில் வரும் பெரிய பருந்து அந்துகளுள் ஒன்று, தன் உடலினும் நீண்ட உறிஞ்சுகுழலையுடையது. அதன் புழு உண்பது வற்றாளை இலையையே. பூவால் அழைத்துப் பாத்தியிலே குடியேற்றுவது போலாகிவிடும்.

புகையிலைப் புழு என்று பெயர் பெற்ற இன்னொரு பழுப்பு அந்தின் புழு, கோவா தொடக்கம் நிலக்கடலை வரை எதையும் விடாது. அதன் முட்டைகள் குவியலாக, மஞ்சட் பழுப்பு மயிரால் மூடப்பட்டு, இலையின் அடியிலே இருக்கும். பொரித்த குஞ்சுகள் முதற் சில நாள் ஓரிலையிலேயே கூட்டமாகத் தின்னும். பூம்புகையிலையிலே அக்குவியலைக் கண்டால் இலையோடு கொய்து சவர்க்கார நீரில் அமிழ்த்திவிட வேண்டும். பொறிப்பயிர் என்பதன் பொருள் இதுவே. கொய்வதற்கு ஆளில்லாத தோட்டத்தில் பொறிப்பயிர் புழுவுக்கு நாற்றுமேடை ஆகும். ஆந்திரத்துப் புகையிலை விவசாயிகள் இதே புழுவுக்காகத் தம் நாற்றுமேடையைச் சுற்றி ஆமணக்கை நடுகின்றனர். 1947இல் இராஜமுந்திரியிலே தொடங்கப்பட்ட புகையிலை ஆராய்ச்சி நிலையமும் அதனையே பரிந்துரைக்கிறது. புகையிலைக்கே காவல் வேண்டியிருக்கையில், அது பிறர்க்குக் காவல் நிற்கும் என்று முழுவதும் நம்பியிருத்தல் பேதைமை.

விதைக்கும் முறை எளிது. பொறுமை மாத்திரம் வேண்டும். விதை தூளினும் நுண்ணியது. சிறிது உலர் மணலோடு கலந்து தட்டிலே தூவி, மண்ணால் மூடாது விடவேண்டும். முளைப்பதற்கு ஒளி தேவை. பூவாளியால் நீர் ஊற்றினால் விதை அடித்துச் செல்லப்படும். தட்டை நீருள்ள பாத்திரத்தில் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏறச் செய்தல் நலம். இரு வாரங்களில் முளைத்து, நாலைந்து இலை வந்ததும் ஓரடி அல்லது ஒன்றரை அடி இடைவிட்டு நடலாம்.

வீட்டிலே சிறு பிள்ளைகள் இருப்போர் இந்தப் பகுதியைக் கவனமாகக் கேட்டல் வேண்டும். செடியின் எப்பகுதியும் உண்ணத் தகாத நஞ்சு. மஞ்சட் குழற்பூவுடைய மரப்புகையிலை என்னும் உறவினச் செடியின் இலையைக் கீரையென்று கருதிச் சமைத்துண்டு உயிர் துறந்தோர் பிறநாடுகளில் உளர். ஆதலால் கீரைப் பாத்திக்கு அருகே பூம்புகையிலை ஒருபோதும் நிற்கலாகாது. தானாக விழுந்து முளைக்கும் அதன் இளங்கன்றின் இலை, தெரியாதவர் கண்ணுக்குக் கீரை போலவே இருக்கும். பனி நனைந்த காலை வேளையிலே வெறுங் கையால் இலைகளை நெடுநேரம் கையாளுதலும் தீது. புகையிலைத் தோட்டக் கூலியாட்களுக்கு இதனாலே தலைச்சுற்றும் வாந்தியும் உண்டாவது வழக்கம். நிக்கொத்தீன் தோல் வழியே உட்புகும். புகையிலையை ஊறவைத்த நீரிலே சவர்க்காரம் கலந்து பூச்சிக்குத் தெளிக்கும் பழைய வழக்கமும் இக்காரணத்தால் கைவிடத் தக்கதே. தெளிப்பவர்க்கும் தீங்கு, தக்காளிக்குத் தேமலையும் கொண்டு செல்லும்.

அயலிலே நிற்பதனால் மரக்கறியுள் நஞ்சு ஏறுமோ என்று அஞ்சுவோர் உளர். உயிரோடு நிற்கும் செடியை விட, உதிர்ந்த இலையைப் பற்றியே அஞ்சுதல் தகும். 2015இல் ஜெர்மன் ஆய்வாளர் புதினாச் செடியின் அடிமண்ணிலே சிகரெட்டுப் புகையிலைத் தூளை இட்டுப் பார்த்தபோது, புதினா அதிலிருந்த நிக்கொத்தீனை வேரால் உறிஞ்சித் தன் இலையிலே சேர்த்துக் கொண்டது. ஆகையினாற் பூம்புகையிலையின் காய்ந்த இலைகளை மரக்கறிப் பாத்திக்கு மூடாக்காக இடுதல் கூடாது. எருக் குழியிலும் இடலாகாது.

பூத்து முடிந்ததும் விதைக்காய்கள் பழுப்பாகி வெடிப்பதற்கு முன்னரே கொய்துவிட வேண்டும். அடுத்த போகத்துக்கு விதை தேவையெனின் ஒரே ஒரு காயைக் கடதாசிப் பையிலே முற்றவிட்டாற் போதும். பல நூறு செடிக்கு அது காணும். பின்னர்ச் செடியை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, வேரை ஒளியிலே பிடித்துப் பார்த்தல் நல்லது. வேரிலே மணிமணியாக முடிச்சுகள் காணப்படின் அந்நிலத்தில் வட்டப்புழு இருக்கிறது. அவ்விடத்தில் அடுத்த போகத்துக்குக் கத்தரியோ மிளகாயோ தக்காளியோ நடாது, செவ்வந்தி நிறத்துத் துலுக்கமல்லிகையை நெருக்கமாக விதைத்துவிட்டு, பிடுங்கிய செடிகளைத் தோட்டத்துக்கு வெளியே, ஆடு மாடு எட்டாத குழியிலே புதைத்தல் வேண்டும்.